கம்மல் எங்கே?

மல்லாபூர் ஐதராபாத் நகரின் வடகிழக்கில் இருக்கிறது. நாச்சாரத்தை அடுத்த ஊர். முன்பு அது சிறு கிராமம். இன்று தொழிற்பேட்டை. தகரக் கூரை போட்ட கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள். தெலுங்கு பேசுவோர் உண்டு. உருது பேசுவோர், இந்தி பேசுவோர் உண்டு. தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

ஒரு சந்து. சந்தின் முனையில் ஒரு குழாய். காலை நேரம். தண்ணீர் வரும் நேரம். பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. குடங்களுக்குப் பக்கத்தில் பெண்கள் நிற்கிறார்கள். தண்ணீர் மெதுவாக வருகிறது. பேச்சு வேகமாக நடக்கிறது.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா அந்த வரிசையில் நிற்கிறார். பேக்கிங் கம்பெனியில் வேலை செய்பவர். பக்கத்து வீட்டுப் பெண் அவர் முகத்தைப் பார்க்கிறார்.

"என்னக்கா, காது வெறுமையா இருக்கு? கம்மல் எங்கே?"

"பாலிஷ் போடக் கொடுத்திருக்கேன்மா. அடுத்த வாரம் வந்துடும்."

அடுத்த வாரம் வந்தது. கம்மல் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. அக்கா காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்தார். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கம்மல் எங்கே இருந்தது? அடகுக் கடையில் இருந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் சம்பளம் வாங்கினார். வீட்டுக்கு வருவதற்குள் பாதிச் சம்பளம் ஒயின் ஷாப்பில் தீர்ந்துவிட்டது. கம்மலைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அக்கா இதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குப் பல பயம். வீட்டுக்காரருக்கு மரியாதை போய்விடும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது இந்தப் பேச்சு முன்னால் வந்து நிற்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவார். "சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த நிலைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சந்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சுவர் மெல்லியது. இரவில் அக்காவின் வீட்டுக்காரர் போடும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். கம்மல் எங்கே என்று கேட்ட பெண்ணுக்கும் கேட்கும். தெரிந்தேதான் கேட்டார். தெரியும் என்று அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் பாலிஷ் என்று ஒருவர் சொன்னார். சரி என்று மற்றவர் தலையாட்டினார்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பல வீடுகளின் கதை இப்படித்தான் இருக்கிறது.

ஆனால் மனிதர்கள் சொல்லாமலே இருந்துவிடுவதும் இல்லை. எங்கேயோ ஓர் இடத்தில் வாயைத் திறக்கிறார்கள். ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? சார்மினார் எக்ஸ்பிரஸ் சாயங்காலம் கிளம்பும். இரவு முழுவதும் ஓடும். எதிர் சீட்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். வாரங்கல் தாண்டுவதற்குள் தன் மருமகள் கதையைச் சொல்லிவிடுவார். விஜயவாடா வருவதற்குள் தன் புருஷன் செத்த கதையையும் சொல்லிவிடுவார். சொந்தத் தங்கையிடம் சொல்லாததை முன்பின் தெரியாதவரிடம் சொல்வார். ஏன்? கேட்டவர் காலையில் இறங்கிப் போய்விடுவார். மறுபடி பார்க்கப்போவதில்லை. அந்தக் கதை ஊருக்குத் திரும்பி வராது.

நம் ஊரில் சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் தோளில் கட்டிக்கொண்டு அழுவார்கள். செத்தவரை நினைத்து அழுகிறார்கள் என்று ஆண்கள் நினைப்பார்கள். காது கொடுத்துக் கேட்டால் வேறு செய்தி தெரியும். அவரவர் தங்கள் குறையைச் சொல்லி அழுகிறார்கள். பிறந்த வீட்டில் சீர் செய்யாத குறை, பிள்ளை இல்லாத குறை, அடி வாங்கிய குறை எல்லாம் ராகத்தோடு வெளியே வரும். மற்ற நாளில் சொன்னால் சண்டை வரும். அன்றைக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ரயிலில் சொன்ன கதை ரயிலோடு போய்விடுகிறது. ஒப்பாரியில் சொன்ன கதை பதினாறாம் நாளோடு முடிகிறது. சொன்னவருக்கு மனபாரம் கொஞ்சம் குறையும். வீட்டில் எதுவும் மாறாது. ஆனால் ஒரு கிராமத்தில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதனால் ஒரு மாநிலமே அசைந்தது. அது நடந்த இடம் வெகு தூரம் இல்லை. அதே சென்னை ரயில் நெல்லூரைத் தாண்டித்தான் போகிறது. அந்த நெல்லூர் மாவட்டத்தில்தான் நடந்தது.

கிராமத்தின் பெயர் தூபகுண்டா. கலிகிரி மண்டலத்தில் இருக்கிறது. நடந்த காலம் 1990களின் தொடக்கம்.

அப்போது அந்த ஊரில் பெரும்பாலும் கூலி வேலைதான். வெயிலில் நின்று வேலை செய்வார்கள். சாயங்காலம் கூலி கிடைக்கும். கூலியை வாங்கிய ஆண்கள் பலர் சாராயக் கடைக்குப் போவார்கள்.

சாராயம் எப்படி அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது? இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் சாராயத்தை அரசே அனுமதித்தது. விற்கும் உரிமையை ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர்கள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும் அல்லவா? அதனால் விற்பனையைக் கூட்டினார்கள். 1980களில் சாராயம் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் வந்தது. பாக்கெட்டை மடியில் கட்டிக்கொண்டு வயலுக்கே போகலாம். வீட்டு வாசலுக்கே வந்து விற்பார்கள். காசு இல்லாவிட்டால் கடனுக்கும் கொடுப்பார்கள். குடிக்கத் தண்ணீர் வராத ஊருக்கும் சாராயம் தவறாமல் வந்தது. 1970-71இல் மதுவினால் மாநில அரசுக்குக் கிடைத்த வருமானம் ஆண்டுக்குச் சுமார் 39 கோடி ரூபாய். 1991-92இல் அது 800 கோடி ரூபாயைத் தாண்டியது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பகுதி கூலிக்காரர் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது.

இந்த நேரத்தில் அந்த மாவட்டத்துக்கு எழுத்தறிவு இயக்கம் வந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. தமிழ்நாட்டில் அதன் பெயர் அறிவொளி. தூபகுண்டாவில் இரவுப் பள்ளி வைத்தார்கள். முதலில் யாரும் பெரிதாக வரவில்லை. பகலெல்லாம் உழைத்த உடம்பு. வீட்டில் சோறு ஆக்க வேண்டும். பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும். இதற்கு மேல் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தொண்டர்கள் கலைக்குழுவை அழைத்து வந்தார்கள். நாடகம் போட்டார்கள். நாடகத்தில் தங்கள் வீட்டுக் கதையே நடப்பதைப் பெண்கள் பார்த்தார்கள். பிறகு வரத் தொடங்கினார்கள்.

பாடப் புத்தகத்தில் ஒரு கதை இருந்தது. சீதம்மாவின் கதை. புருஷனின் குடியால் அழிந்துபோன ஒரு பெண்ணின் கதை அது. பாடத்தைப் படித்து முடித்ததும் பெண்கள் பேசினார்கள். சீதம்மாவின் சாவுக்கு யார் காரணம் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

"உன் புருஷன் குடிக்கிறாரா? உன்னை அடிக்கிறாரா?" என்று வகுப்பில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோரும் தலையைக் குனிந்திருப்பார்கள். பாலிஷ் போடக் கொடுத்த கம்மல் கதைதான் வந்திருக்கும். ஆனால் சீதம்மாவைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. அவள் புத்தகத்தில் இருப்பவள். அவளுக்காகக் கோபப்படலாம். அவளுக்காக அழலாம். கோபப்பட்டவர்கள் சீதம்மாவோடு நிற்கவில்லை. தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் தன் கதையைச் சொன்னால் அது அவள் தலையெழுத்து. "உனக்குச் சாமர்த்தியம் போதாது" என்பார்கள். "நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவன் குடிக்காமல் என்ன செய்வான்?" என்றும் சொல்வார்கள். அவளே அதை நம்பிவிடுவாள். இரண்டாவது பெண்ணும் அதே கதையைச் சொல்கிறாள். மூன்றாவது பெண்ணும் சொல்கிறாள். இருபது பேர், முப்பது பேர் சொல்கிறார்கள். அப்போது கதையில் புதிதாக ஒன்று தெரிகிறது. புருஷன்கள் வேறு வேறு. குணம் வேறு வேறு. ஆனால் எல்லாக் கதையிலும் கடை ஒன்றுதான். கூலி நாள் ஒன்றுதான். பாக்கெட் ஒன்றுதான். முப்பது பேருக்கும் ஒரே மாதிரித் தலையெழுத்தா இருக்கும்?

தனியாக இருந்தபோது கண்ணுக்குப் புருஷன் மட்டும்தான் தெரிந்தார். கூடிச் சொன்னபோது கடை தெரிந்தது. கடைக்குப் பின்னால் ஏலம் தெரிந்தது.

ஒரு நாள் அவர்கள் வேலைக்குப் போகவில்லை. சுமார் 100 பெண்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். வழியில் கள் ஏற்றி வந்த வண்டியை நிறுத்தினார்கள். கள்ளைக் கீழே ஊற்றச் சொன்னார்கள். "உன் நஷ்டத்துக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுத் தருகிறோம்" என்று வண்டிக்காரரிடம் சொன்னார்கள். இந்த ஒரு ரூபாய்ப் பேச்சைக் கவனியுங்கள். வண்டிக்காரரும் ஏழை. அவர் வயிற்றில் அடிக்க அந்தப் பெண்கள் நினைக்கவில்லை. கையில் காசு இல்லாதவர்கள்தான் இப்படிச் சொன்னார்கள்.

அடுத்து சாராய ஜீப் வந்தது. அதைச் சூழ்ந்துகொண்டார்கள். கலெக்டரிடம் புகார் கொடுப்போம் என்றார்கள். கடைக்காரர் பயந்தார். கடையை மூடினார்.

இந்தப் போராட்டத்தில் முன்னே நின்ற பெண்களில் ஒருவர் ரோசம்மா. தூபகுண்டா ரோசம்மா என்று ஆந்திரம் முழுவதும் அவர் பெயர் தெரியும். அவர் 2016இல் காலமானார்.

தூபகுண்டா பெண்கள் செய்ததை எழுத்தறிவு இயக்கத்தார் அடுத்த புத்தகத்தில் ஒரு பாடமாகச் சேர்த்தார்கள். பெண்கள் ஒன்றுபட்டால் என்பது அதன் தலைப்பின் பொருள். அந்தப் பாடத்தில் ஒரு சிறப்பு உண்டு. வேறு யாரோ எழுதிய கதை போல அது இல்லை. அந்த ஊர்ப் பெண்களே பேசுவது போல இருந்தது. இது கற்பனை இல்லை, எங்களுக்கு நடந்தது என்று அவர்கள் சொல்வது போல இருந்தது.

அந்தப் புத்தகம் மற்ற கிராமங்களுக்கும் போனது. அங்கேயும் இரவுப் பள்ளியில் பெண்கள் அதைப் படித்தார்கள். எழுத்துக்கூட்டித்தான் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அரசியல் தலைவர் யாரும் வந்து பேசவில்லை. தங்களைப் போலவே கூலிக்குப் போகும் பெண்கள் செய்திருக்கிறார்கள். நாலு ஊர் தள்ளித்தான் செய்திருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது என்றால் நம்மால் ஏன் முடியாது? இந்தக் கேள்வி ஊர் ஊராகப் போனது.

1992இல் நெல்லூர் மாவட்டத்தில் சாராய ஏலம் நடக்க வேண்டும். பெண்கள் எதிர்த்தார்கள். ஏலம் மீண்டும் மீண்டும் தள்ளிப் போனது. துடைப்பத்தையும் மிளகாய்ப் பொடியையும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லையில் காவல் நின்றார்கள். சில ஊர்களில் குடித்தவர்களுக்கு மொட்டை அடித்ததும் உண்டு. அதைச் சரி என்று சொல்ல முடியாது. ஒரு மனிதனை அவமானப்படுத்தினால் அவன் வீட்டுக்குப் போய் யார் மீது கோபத்தைக் காட்டுவான்? ஆனால் அந்தப் பெண்கள் எத்தனை ஆண்டு பொறுத்திருந்தார்கள் என்பதையும் மறக்க முடியாது.

பாடப் புத்தகத்திலிருந்து அந்தப் பாடம் பின்னால் எடுக்கப்பட்டது. எடுத்து என்ன பயன்? கதை அதற்குள் வாய்க்கு வாய் போய்விட்டது.

1993 ஏப்ரல் 15ஆம் தேதி நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரப் பிரதேசம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1994 டிசம்பரில் என்.டி.ராமராவ் மீண்டும் முதலமைச்சர் ஆனார். 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முடியவில்லை. 1997இல் முழு மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அரசுக்கு வருமானம் போதவில்லை என்றார்கள். கள்ளத்தனமாக மது வருவதைத் தடுக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள். சாராயம் போன இடத்துக்கு பிராந்தியும் விஸ்கியும் வந்தன. இன்று மல்லாபூரில் அந்த அக்காவின் கம்மலை விழுங்குவதும் அந்தப் பாட்டில்தான்.

அப்படியானால் தூபகுண்டா பெண்கள் சொன்னது வீணா? வீண் இல்லை. குடிக்கும் புருஷனைப் பற்றி வாய் திறப்பது வெட்கம் என்று இருந்தது. அதை அவர்கள் மாற்றினார்கள். சில ஆண்டுகள் ஆயிரக்கணக்கான வீடுகளில் கூலி முழுதாக வந்து சேர்ந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

இதுவரை பெண்களின் கதை. குடிக்கும் ஆணுக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லையா? அவர் குடித்துவிட்டுப் பேசுவார். அதை யாரும் கதை என்று எடுத்துக்கொள்வதில்லை. காலையில் தெளிந்ததும் வாயை மூடிக்கொள்வார். "நேற்று என்ன பேசினேன்?" என்று கேட்கக்கூட அவருக்கு வெட்கம்.

அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். பெயர் பில். பங்குச் சந்தையில் வேலை. குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். எப்படியோ சில மாதங்கள் குடிக்காமல் இருந்தார். 1935ஆம் ஆண்டு மே மாதம் ஆக்ரன் என்ற ஊருக்கு வேலையாகப் போனார். போன வேலை கெட்டுப்போனது. ஓட்டலில் தனியாக நின்றார். பக்கத்தில் மதுக்கடை. உள்ளே போனால் மறுபடி பழைய நிலைதான். அவர் மருத்துவரைத் தேடவில்லை. புத்தி சொல்லும் பெரியவரைத் தேடவில்லை. தன்னைப் போலவே குடியில் சிக்கிய இன்னொருவரைத் தேடினார். போன் மேல் போன் போட்டார். பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் கிடைத்தார். அவரும் குடிகாரர்.

பாப் கால் மணி நேரம்தான் பேசுவேன் என்று சொல்லி வந்தார். பேச்சு பல மணி நேரம் நீண்டது. பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தான் குடித்த கதையைச் சொன்னார். தான் விழுந்த கதையைச் சொன்னார். பாப் அதுவரை எத்தனையோ அறிவுரை கேட்டிருந்தார். தன்னைப் போன்ற ஒருவர் பேசி அன்றுதான் கேட்டார். சில வாரங்களில் பாப் குடியை விட்டார். 1935 ஜூன் 10ஆம் தேதியை அந்த இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். அதன் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. சென்னையிலும் ஐதராபாத்திலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். அந்த அறையில் கேட்டது வெளியே போகக் கூடாது.

இங்கே ஒரு செய்தியைப் பாருங்கள். பில் அன்று பாபைக் காப்பாற்றப் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போனார். பேசியதால் கேட்டவருக்கும் நன்மை வந்தது, சொன்னவருக்கும் நன்மை வந்தது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்பவர் இருக்கிறார். அவர் கணவர் குடிநோயால் இளம் வயதில் இறந்தார். பெரிய குடும்பம். மூடி மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. 1980இல் குடிநோயாளிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலருக்கும் தெரியும். அங்கே குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை தருவதில்லை. மனைவியையும் உட்கார வைத்துப் பேசச் சொல்கிறார்கள்.

சென்னையிலேயே இன்னொருவர் கௌசல்யா. கணவர் மூலம் எச்.ஐ.வி. வந்தது. அந்தக் காலத்தில் அதை வெளியே சொன்னால் வீட்டைக்கூட வாடகைக்குத் தர மாட்டார்கள். அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1998இல் தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைத்து மூலையில் உட்கார்ந்திருந்த பல பெண்கள் அங்கே வந்தார்கள்.

வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது? படிக்கவும் எழுதவும் தெரிந்துகொண்டீர்கள் அல்லவா? அது இங்கே உதவும். 1986இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியல் அறிஞர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். சிலரை மனதை வருத்திய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். தினமும் 15 நிமிடம். நான்கு நாள். வேறு சிலரைச் சாதாரண விஷயங்களை எழுதச் சொன்னார். மனதில் உள்ளதைத் திறந்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்ததும் துக்கம் கூடத்தான் செய்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைவு. எழுதிய தாளில் பிழை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. கொம்பு விட்டுப் போனாலும், புள்ளி விட்டுப் போனாலும் எழுதலாம். எழுதியதைக் கிழித்தும் போடலாம்.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லலாமா? கூடாது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் கேட்டு வைத்துக்கொள்வார். இன்னொருவர் கேட்டதைக் கூடையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகக் கூவுவார். அடுத்தவர் கதையை உங்களிடம் வந்து சொல்கிறவர் உங்கள் கதையை அடுத்த வீட்டில் சொல்வார். இதை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். மகளிர் குழுவில் பேசும்போது, இங்கே பேசியது இங்கேயே இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது. சொல்ல விருப்பம் இல்லாதவரைச் சொல்லு சொல்லு என்று நெருக்கக் கூடாது. சொல்லும்போது குறுக்கே புகுந்து "என் கதையைக் கேளு, இதைவிடப் பெரிது" என்று ஆரம்பிக்கவும் கூடாது. இந்தப் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

அடி, உதை என்று இருந்தால் கதை சொல்வதோடு நிறுத்தக் கூடாது. பெண்களை வீட்டு வன்முறையிலிருந்து காக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. குடியை, போதையை விட உதவி வேண்டுமானால் 14446. மனம் மிகவும் சோர்ந்து போயிருந்தால் 14416. இந்த எண்ணில் தமிழிலும் பேசலாம். எண்களைக் கதவுக்குப் பின்னால் சாக்பீசால் எழுதி வையுங்கள்.

மறுபடியும் மல்லாபூர் குழாயடி. நான்கு மாதம் ஓடிவிட்டது. அக்காவின் காதில் இன்னும் வேப்பங்குச்சிதான். சந்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு சின்னப் பெண் வரிசையில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அக்கா, நீங்க கம்மல் போடுறதே இல்லையா?"

எல்லோரும் குடத்தைப் பார்த்தார்கள். பாலிஷ் என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, சொல்லவில்லை.

"அடகுக் கடையிலே இருக்கும்மா. நாலு மாசமாச்சு. வட்டி கட்ட முடியலே."

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் குடத்தில் விழும் சத்தம்தான் கேட்டது. முதலில் கம்மலைப் பற்றிக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெண் தன் குடத்தை இழுத்து ஓரமாக வைத்தார்.

"எந்தக் கடைக்கா? என் வளையலும் அங்கேதான் இருக்கு. வட்டி எவ்வளவு போடுறான் உங்களுக்கு?"

அக்கா வட்டியைச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் வட்டியைச் சொன்னார். இரண்டும் ஒன்றாக இல்லை. ஒரே கடை, ஒரே மாதம், வேறு வேறு வட்டி. பின்னால் நின்ற பாட்டி குடத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"ரசீது இருக்கா ரெண்டு பேர்கிட்டேயும்? சாயங்காலம் எடுத்துக்கிட்டு வாங்க. என் பேத்தி படிச்சுச் சொல்லுவா."

"பேத்தி எதுக்குப் பாட்டி?" என்றார் அக்கா. "இப்போ எனக்கே படிக்க வரும்."

பேசுவோம், எழுதுவோம்

1. நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் எது?

2. சீதம்மாவின் சாவுக்கு யார் காரணம் என்று தூபகுண்டா பெண்கள் கேட்டார்கள். நீங்கள் அந்த வகுப்பில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

3. வண்டிக்காரருக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் தருவதாகச் சொன்னது சரியா? ஏன்?

4. அடகுச் சீட்டு உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பொருளின் எடை, வாங்கிய தொகை, வட்டி, தேதி எல்லாம் எழுதியிருக்கிறதா?

5. உங்களுக்கு நடந்த ஒன்றைப் பத்து வரியில் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.